ஆல்பா துகள்களும் பிளாஸ்மாவின் கொந்தளிப்பும்

1955-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அணுசக்தியின் சமாதான உபயோகங்களைப் பற்றிய சர்வதேச மகாநாடு ஜினீவா நகரில் கூடிற்று. அதற்குத் தலைமை வகித்த டாக்டர் ஹோமி பாபா, அணுக்கருக்களின் இணைப்பினால் வெளிப்படும் சக்தியைக் கட்டுக்குள் அடக்கிப் பயன்படுத்தும் வழி இன்னும் இருபது ஆண்டுகளுக்குள் கண்டறியப்பட்டுவிடும் என்று தம் தலைமையுரையில் துணிந்து கூறினார். அந்த இருபது ஆண்டுகளும் கழிந்தன; அவற்றின் பின் ஐம்பது ஆண்டுகளும் கழிந்தன. இன்றுவரை எந்த நாட்டிலும் ஓர் இணைவு உலையிலிருந்து ஒரு வீட்டு விளக்குக்கேனும் மின்சாரம் வரவில்லை. இதைக் கொண்டு பாபாவின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. அது நியாயமன்று. அணுக்கரு இணைவின் இயற்பியலை அக்கால அறிஞர் நன்கு அறிந்திருந்தனர். அவ்விணைவு நிகழும் இடமாகிய பிளாஸ்மா எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதையே அவர்களுள் எவரும் அறிந்திருக்கவில்லை.

இன்று பத்திரிகைகளில் இப்பொருளைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் உஷ்ணத்தையும் நேரத்தையும் பற்றியவை. தென் கொரியாவின் கே-ஸ்டார் யந்திரம் 10 கோடி டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தை 48 வினாடிகள் காத்தது என்று 2024-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. சீனாவின் ஈஸ்ட் யந்திரம் 2025 ஜனவரியில் பிளாஸ்மாவை 1,066 வினாடிகள் அணையாமல் வைத்திருந்தது. 'செயற்கைச் சூரியன்' என்ற தலைப்பின்கீழ் இச்செய்திகள் கிராமப் பள்ளிகள் வரை சென்று சேர்கின்றன. மாணவர்கள் ஆசிரியரிடம் வினவுகின்றனர். ஊர்ப் பெரியவர்கள் தம்மிடம் வரும் களப்பணியாளரிடம், அந்தச் சூரியனிலிருந்து மின்சாரம் எந்த ஆண்டில் வரும் என்று கேட்கின்றனர். இவ்வினாவுக்கு உஷ்ணக் கணக்கைக் கொண்டு விடை கூறுவது தவறான வழியாகும். மேற்கூறிய இரு சாதனைகளும் போற்றத்தக்கவையே. ஆயினும் அவ்விரு யந்திரங்களிலும் டிரிஷியம் இடப்படுவதில்லை. ஆகவே, உலை தானே எரிவதற்குக் காரணமாக வேண்டிய துகள்கள் அவற்றுள் இல்லை. விறகு ஈரமா, உலர்ந்ததா என்று பாராமல், அடுப்பை ஊதியவரின் மூச்சை மட்டும் அளந்து கூறுவது போன்றது அது.

டியூட்டீரியமும் டிரிஷியமும் ஹைட்ரஜனின் இரு கனத்த வகைகள். அவற்றின் கருக்கள் இணையும்போது ஒரு நியூட்ரானும், ஆல்பா துகள் எனப்படும் ஒரு ஹீலியம் கருவும் தோன்றுகின்றன. வெளிப்படும் சக்தி 1 கோடியே 76 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட். இதில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறது. அதற்கு மின்னூட்டம் இல்லையாதலால் காந்தத்தினால் அதைத் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டியதில்லை. சுவரில் அது விட்டுச்செல்லும் வெப்பமே பின்னர் நீராவியையும் மின்சாரத்தையும் தர வேண்டியது. எஞ்சிய ஒரு பங்கு, அதாவது 35 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட், ஆல்பா துகளிடம் இருக்கிறது. மின்னூட்டமுள்ள இத்துகளைக் காந்தப் புலம் பிடித்து வைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள எலெக்ட்ரான்களோடு மோதி மோதித் தன் வேகத்தை இழக்கும்போது அது பிளாஸ்மாவைச் சூடேற்றும். வெளியிலிருந்து பெரும் மின்சக்தியைச் செலவிட்டுச் சூடேற்றும் வேலை இவ்வாறு குறையும்.

பிரான்ஸ் நாட்டின் காடராஷ் என்னுமிடத்தில் இந்தியா உள்ளிட்ட ஏழு தரப்பினர் சேர்ந்து அமைத்துவரும் ஐடெர் யந்திரத்தின் குறிக்கோளை இக்கணக்கைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். வெளியிலிருந்து 50 மெகாவாட் வெப்பம் ஊட்டி, 500 மெகாவாட் இணைவுச் சக்தி பெற வேண்டும் என்பது அக்குறிக்கோள். அந்த 500-இல் 100 மெகாவாட் ஆல்பா துகள்களின் பங்கு. பிளாஸ்மா பெறும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதன் உள்ளேயே பிறந்த துகள்களால் கிடைக்க வேண்டும் என்பது இதன் பொருள். எந்த யந்திரத்திலும் இந்நிலை இதுவரை எய்தப்படவில்லை. இங்கிலாந்தின் கல்ஹம் என்னுமிடத்தில் இயங்கிய ஜெட் யந்திரம், 2023 அக்டோபரில் ஒரே பரிசோதனையில் 69 மெகாஜூல் சக்தியை வெளிப்படுத்தி, அவ்வாண்டின் இறுதியில் ஓய்வு பெற்றது. அதிலும் ஆல்பா துகள்கள் அளித்த வெப்பம், வெளியிலிருந்து ஊட்டப்பட்ட வெப்பத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. (அமெரிக்காவில் 2022 டிசம்பரில் லேசர் ஒளியினால் எரியூட்டப்பட்ட சிறு குளிகையில் ஆல்பா துகள்கள் தம் வேலையைச் செவ்வனே செய்தன. ஆனால் அங்கு எல்லாம் ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். காந்தத்தால் அடைத்து நீண்ட நேரம் எரிய வைப்பது வேறு வகைப் பிரச்னை.)

எனவே வினா இதுவாகும்: ஆல்பா துகள் தன் வெப்பத்தை முழுவதும் கொடுத்து முடிக்கும்வரை உள்ளேயே தங்குமா?

ஐடெரில் ஓர் ஆல்பா துகள் பிறக்கும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். அது வேகமிழந்து அடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். வளைய வடிவமான அந்தப் பாத்திரத்தை ஒருமுறை சுற்றிவரும் தூரம் சுமார் 39 மீட்டர். அப்படியானால் அடங்குமுன் அத்துகள் ஓர் இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுற்றியாக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வழி ஒரு மயிரிழை பிசகினாலும், அப்பிசகு ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போனால், துகள் சுவரில் மோதிவிடும். பிசகுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டால் தப்பித்துவிடும். பிளாஸ்மாவிலோ அமைதி என்பது கிடையாது. அதில் எப்பொழுதும் அலைகளும் சுழல்களும் கொந்தளித்துக்கொண்டே இருக்கின்றன.

கொந்தளிப்பு என்றதும் அச்சம் எழுவது இயல்பு. பிளாஸ்மாவின் நடுவில் வெப்பம் மிகுதி, ஓரத்தில் குறைவு. இவ்வேற்றுமையினால் சிறு சிறு சுழல்கள் உண்டாகி, உள்ளே உள்ள வெப்பத்தை வெளியே கடத்துகின்றன. கொதிக்கும் உலைநீரில் அடிநீர் மேலெழுவதை ஒத்தது இது. பாபாவின் கணிப்பைப் பொய்ப்பித்த காரணங்களுள் இந்தச் சிறு சுழல்களே முதன்மையானவை எனலாம். எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு விரைவாக வெப்பம் கசிந்தது. அவ்வாறாயின் இச்சுழல்கள் ஆல்பா துகளையும் இழுத்துச் சென்றுவிடாவா என்ற ஐயம் எழுகிறது. ஆனால் நடப்பது வேறு. காந்தப் புலத்தில் மின்னூட்டமுள்ள துகள் எதுவும் நேராகச் செல்லாது. புலக் கோட்டைச் சுற்றிச் சுற்றித் திருகுபோலச் செல்லும். எரிபொருள் அணுக்கரு சுற்றும் வட்டத்தின் ஆரம் சில மில்லிமீட்டர். சுழல்களின் அளவு அதைப்போலச் சில மடங்கு. ஆகையால் எரிபொருள் கரு சுழலுக்குள் முழுவதும் அகப்பட்டுக்கொள்கிறது. புதிதாய்ப் பிறந்த ஆல்பா துகளின் வட்டமோ ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆரமுள்ளது. ஒரே சுற்றில் அது பல சுழல்களைக் கடக்கிறது. ஒன்று வலப்புறம் தள்ளினால் மற்றொன்று இடப்புறம் தள்ளுகிறது. கூட்டிப் பார்த்தால் மிஞ்சுவது மிகக் குறைவு. குளத்தில் எழும் சிற்றலை காகிதக் கப்பலைக் கவிழ்த்துவிடும். பெரிய ஓடம் அதை உணர்வதும் இல்லை.

பிறகு துகளின் வேகம் குறையக் குறைய அதன் வட்டமும் சுருங்குகிறது. எரிபொருளின் வெப்பத்தைப்போலப் பத்து மடங்கு என்ற அளவுக்குச் சக்தி இறங்கியபின், சுழல்களின் பிடி அதன்மீது படிப்படியாக இறுகுகிறது. முற்றிலும் அடங்கிய பின்னர் அது வெறும் ஹீலியம். மற்ற கருக்களைப்போலவே அதுவும் சுழல்களில் அகப்பட்டு ஓரத்துக்குச் செல்கிறது. இது கேடு அன்று, பெரும் நன்மை. வெப்பத்தை இழந்த ஹீலியம் உலையின் சாம்பலாகும். சாம்பல் சேர்ந்தால் எரிபொருளுக்கு இடமில்லாமல் போய்த் தீ அணையும். வயலில் வேலை பார்க்கும் அலுவலர்களுக்கு இது எளிதில் விளங்கும். நெல்வயலில் பயிர் வளரும்போது நீர் நிற்க வேண்டும். கதிர் முற்றியபின் நீர் வடிய வேண்டும். நில்லாத வயலும் வடியாத வயலும் விளைச்சலைக் கெடுக்கும். சூடான ஆல்பா துகளை விட்டுவிட்டு, ஆறிய ஹீலியத்தை மட்டும் வெளியே கடத்தும் சிறு கொந்தளிப்பு, தானே மடை திறக்கும் வாய்க்காலைப் போன்றது. அதை அறவே ஒழித்துவிட வேண்டும் என்று சில எளிய நூல்களில் எழுதப்படுவது பொருத்தமற்றது. ஒழித்துவிட்டால், சாம்பலை வெளியேற்ற வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

உண்மையான அபாயம் வேறொரு வகை அலையில் இருக்கிறது. சுவீடன் நாட்டு அறிஞர் ஹன்னஸ் ஆல்ஃவேன் என்பவர், பிளாஸ்மாவில் அமிழ்ந்த காந்தப் புலக் கோடுகள் இழுத்துக் கட்டிய தந்தியைப்போல அதிரக்கூடும் என்று 1942-ஆம் ஆண்டில் காட்டினார். அன்று அதைப் பலர் நம்பவில்லை. 1970-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வீணையின் தந்தியில் இழுவிசை மிகுந்தால் அதிர்வு விரையும். தந்தி கனத்தால் அதிர்வு மந்தமாகும். அதுபோலவே ஆல்ஃவேன் அலையின் வேகமும் காந்தப் புலத்தின் வலிமையையும் பிளாஸ்மாவின் அடர்த்தியையும் பொறுத்தது. ஐடெரின் அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் அது வினாடிக்கு ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். ஆல்பா துகள் 13,000 கிலோமீட்டர் வேகத்தில் பிறந்து, படிப்படியாக வேகம் குறைகிறது. ஆகவே அது தன் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் அலையின் வேகத்தோடு ஒத்துச்சென்றே தீர வேண்டும். ஊஞ்சலைத் தள்ளுபவர் அதன் ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளினால் சிறு விசையும் பெரும் வீச்சாக வளர்கிறது. இங்கே துகள் அலையைத் தள்ளுகிறது, அலை வலுக்கிறது, வலுத்த அலை துகளைத் தன் வழியினின்று தள்ளுகிறது. சிறு சுழல்களில் கண்டவாறு வலமும் இடமும் ஈடாவது இங்கே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் தள்ளுதல் ஒரே பக்கமாகச் சேர்கிறது.

நேர்க்கோட்டில் அமைந்த பிளாஸ்மாவில் இத்தகைய அலை விரைவில் தேய்ந்துவிடும். வளைந்த பாத்திரத்திலோ, தேய்மானம் மிகவும் குறைந்த சில அதிர்வெண் இடைவெளிகள் உண்டு. அவற்றில் அலை தங்கி நிலைபெறும். இதை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மூவர் 1985-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினர். காகிதத்தில் கண்ட இந்த அலையைத் தேடிப் பிடித்த வரலாறு படிப்பினை மிக்கது. ஆல்பா துகள்கள் அப்போது எந்த யந்திரத்திலும் போதிய அளவில் இல்லை. வெளியிலிருந்து செலுத்தும் ஹைட்ரஜன் வகைக் கற்றையின் துகள்கள் ஆல்ஃவேன் அலையைவிட மிகவும் மெதுவானவை. என்ன செய்வது? துகளின் வேகத்தைக் கூட்ட முடியாவிடில் அலையின் வேகத்தைக் குறைக்கலாமே என்று எண்ணினர். பிரின்ஸ்டனின் டி.எஃப்.டி.ஆர். யந்திரத்தில், வழக்கமாக 5 டெஸ்லா அளவில் இயங்கும் காந்தப் புலத்தை ஏறத்தாழ 1 டெஸ்லாவுக்கு இறக்கினர். அலை மந்தமாயிற்று, கற்றைத் துகள்கள் அதனோடு ஒத்துச் சென்றன, 1991-ஆம் ஆண்டில் அந்த அதிர்வு வெளிப்பட்டது. கலிபோர்னியாவின் டி.III-டி. யந்திரமும் அதே ஆண்டில் அதைக் கண்டது. அதிர்வு வலுத்தபோது கற்றைத் துகள்களில் பெரும்பகுதி வெளியே எறியப்பட்டதும் தெரியவந்தது. வலிமையைக் கூட்டி அன்று, வலிமையைக் குறைத்தே இந்த உண்மை கண்டறியப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

இதற்கும் முன்பே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. பிரின்ஸ்டனின் பி.டி.எக்ஸ். யந்திரத்தில், 1983-ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, கற்றையின் வெப்பத்தில் 20 முதல் 40 சதவீதம் வரை திடீர் திடீரெனக் காணாமற் போயிற்று. அளவுகருவியின் திரையில் அப்போது எழுந்த கோடு மீனின் முள்ளெலும்பைப் போலத் தோன்றியதால், அறிஞர்கள் அதற்கு 'மீன்முள்' என்றே பெயரிட்டனர். இயற்பியல் சொற்களில் இதைவிட எளிதாக நினைவில் நிற்கும் சொல் சிலவே இருக்கும். ஆசிரியர்கள் கரும்பலகையில் அதை வரைந்து காட்டலாம்.

டிரிஷியம் இட்டபின் ஆல்பா துகள்கள் எவ்வாறு நடந்தன என்பதும் டி.எஃப்.டி.ஆரில் பார்க்கப்பட்டது. 1993 டிசம்பரில் தொடங்கிய அப்பரிசோதனைகளின் முதற் கட்டத்தில், அஞ்சிய அலைகள் எழவில்லை. அதைக் கொண்டு அபாயம் நீங்கிற்று என்று முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் மேலும் துருவினர். வெளிக்கற்றையின் துகள்களே அலையைத் தேய்த்து அடக்கிவந்தன என்பது புலனாயிற்று. காந்தப் புலத்தின் முறுக்கத்தைத் தக்கவாறு மாற்றி, கற்றையை நிறுத்தினர். கற்றைத் துகள்கள் முதலில் அடங்கின. அவற்றினும் நீண்ட நேரம் வேகம் காத்த ஆல்பா துகள்கள் எஞ்சின. நிறுத்தியபின் ஒரு வினாடியின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு கழிந்ததும் அலை எழுந்தது. காணவில்லை என்பதை இல்லை என்று கொள்ளாமல், ஏன் காணவில்லை என்று கேட்டதன் பயன் இது.

ஐடெரில் இவ்வலை ஒன்றாக வராது, பலவாக வரும் என்று கணிக்கப்படுகிறது. ஒரே அலை துகளை ஒரு குறுகிய பட்டைக்குள் அலைக்கழித்துவிட்டு விட்டுவிடும். பல அலைகளின் பட்டைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால், துகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவி ஓரம் வரை சென்றுவிடக்கூடும். ஏரிகள் ஒன்றின் கலிங்கு உடைந்து அடுத்ததை உடைப்பதைப்போல, ஒரே சமயத்தில் பெருந்தொகையாகத் துகள்கள் சரிவதும் உண்டு. 100 மெகாவாட்டில் 5 சதவீதம் தவறினாலும் 5 மெகாவாட் ஆகிறது. அது சுவர் முழுவதும் பரவி விழுந்தால் தாங்கலாம். ஒரு சிறு பரப்பில் விழுந்தால் உலோகம் உருகும். இழந்த வெப்பத்தைவிட, உடைந்த சுவரே பெரிய நஷ்டமாக முடியலாம்.

இதோடு கதை முடிந்தால் கொந்தளிப்புகளை நல்லது, தீயது என்று இரண்டாகப் பிரித்துவிடலாம். ஆனால் சிறு சுழல்களும் பெரிய அலைகளும் ஒன்றையொன்று அறியாமல் வாழ்வதில்லை. சிறு சுழல்கள் ஆல்பா துகளை வெளியே இழுத்துச் செல்லாவிடினும், அதன் வழியைச் சற்றே கலைக்கின்றன. அந்தக் கலைப்பினால் துகள் அலையோடு நெடுநேரம் ஒத்துச் செல்ல இயலாமற் போகிறது. கலைப்பு மிகுந்திருந்தால் அலை ஒரே சுருதியில் நிதானமாக ஒலிக்கிறது. கலைப்பு குறைந்தால் அலையின் சுருதி பறவையின் கீச்சொலி போல் சட்டெனத் தாவுகிறது. அலையின் போக்கை முடிவு செய்வதில் சிறு கொந்தளிப்புக்கு இத்தகைய பங்கு உண்டு என்பதை 2017-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று கணக்கினாலும் அமெரிக்க யந்திரங்களின் பதிவுகளாலும் நிறுவியது. தாவும் சுருதியே துகளைத் தொலைதூரம் சுமந்து செல்ல வல்லது. எனவே சிறு சுழல்களை முற்றும் அடக்குவதில் வெற்றி பெற்றவர், வேறோர் ஆபத்தை வரவழைத்தவராகவும் ஆகலாம்.

இதற்கு நேர்மாறான அதிசயமும் உண்டு. ஜெட் யந்திரத்தில் ரேடியோ அலைகளால் பத்து இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்கு வேகமூட்டப்பட்ட துகள்கள் ஆல்ஃவேன் அலைகளை எழுப்பின. வெப்பம் குலையும் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். குலையவில்லை, மேம்பட்டது. அவ்வலைகள் பிளாஸ்மாவில் எதிரெதிராகப் பாயும் மெல்லிய ஓட்டங்களை உண்டாக்கி, அவ்வோட்டங்கள் சிறு சுழல்களை நறுக்கிச் சிதைத்துவிட்டன. 2022-ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, வேகத் துகள்களைப் பற்றிய பழைய மனப்பான்மையை மாற்றிவிட்டது. அளவோடு எழும் அலை உதவுகிறது. அளவு மீறினால் அதே அலை துகளை எறிகிறது. அந்த அளவு எது என்பதே இன்று ஆராய்ச்சியின் மையம்.

இந்நிலையில் இந்தியா செய்ய வேண்டியது என்ன? நம் நாடு 2005 டிசம்பரில் ஐடெர் கூட்டுமுயற்சியில் சேர இசைந்தது. 2006 நவம்பரில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. யந்திரத்தின் பாகங்களில் ஏறத்தாழ 9 சதவீதத்தின் பொறுப்பு நம்முடையது. யந்திரம் முழுவதையும் உள்ளே அடக்கிக்கொள்ளும் சுமார் 3,800 டன் எடையுள்ள எஃகுக் கூடு, குஜராத்தின் ஹஜீராவில் பகுதி பகுதியாகச் செய்யப்பட்டு பிரான்சுக்கு அனுப்பப்பட்டது. அதைப் பற்றிய பெருமிதம் பத்திரிகைகளில் நிறைய வந்தது, வர வேண்டியதே. ஆனால் நம் பங்கில் அடங்கிய மற்றொரு கருவியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அது 100 கிலோவோல்ட் அளவில் இயங்கும் ஹைட்ரஜன் கற்றை. காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கான சோதனைக் கூடம் அமைந்துள்ளது. இக்கற்றையின் வேலை சூடேற்றுவதன்று, பார்ப்பது. கற்றையிலுள்ள ஹைட்ரஜன் அணு, பிளாஸ்மாவின் உள்ளே உள்ள ஹீலியம் கருவுக்கு ஓர் எலெக்ட்ரானைக் கொடுக்கும். அப்போது ஹீலியம் தனக்கே உரிய நிறத்தில் ஒளிவிடும். அவ்வொளியை அளந்தால், உள்ளே எவ்வளவு சாம்பல் சேர்ந்துள்ளது, எங்கே சேர்ந்துள்ளது என்று தெரியும். ஆல்பா துகள் தன் கடமையை முடித்துச் சாம்பலாயிற்றா, சாம்பல் வடிந்ததா என்ற வினாவுக்கு நேரான விடை தரும் கருவிகளுள் இது முக்கியமானது. எஃகுக் கூடு கண்ணுக்குப் பெரிது. அறிவுக்குப் பெரிது இந்தக் கற்றை.

கருவியைச் செய்து அனுப்புவதோடு நம் கடமை முடிந்தது என்று கருதினால், அவ்வொளியைப் படித்துப் பொருள் காண்பவர் பிறநாட்டாராகவே இருப்பர். எஃகு உருக்கும் திறமை நமக்கு முன்பே உண்டு. அதைப் பெறுவதற்கு ஐடெரில் சேர வேண்டிய அவசியமில்லை. அங்கிருந்து பெறவேண்டியது, எரியும் பிளாஸ்மாவின் குணத்தை அறியும் அறிவு. அதற்குரிய ஆட்கள் தொகையோ நம் பல்கலைக்கழகங்களில் மிகவும் குறைவு. பிளாஸ்மா இயற்பியலைத் தனிப் பாடமாக நடத்தும் கல்லூரிகள் அரியன. இத்துறையில் நமக்கு மரபு இல்லாமலும் இல்லை. காந்திநகர் நிலையத்தை உருவாக்கிய பேராசிரியர் பிரதிமன் கிருஷ்ண காவ், பிளாஸ்மா அலைகளின் கோட்பாட்டில் உலகம் மதித்த அறிஞர். அவர் காலத்தில், 1989-ஆம் ஆண்டில், ஆதித்யா யந்திரம் நம் நாட்டிலேயே அமைந்து இயங்கத் தொடங்கிற்று. சிறிய யந்திரத்தில் ஆல்பா துகள்கள் பிறவா என்பது மெய்தான். ஆயினும், காந்தப் புலத்தைக் குறைத்து அலையைப் பிடித்த 1991-ஆம் ஆண்டுப் பரிசோதனை, யந்திரம் முழு வலிமையில் இயங்குவதைவிடக் கேட்கும் வினாவின் கூர்மை பயன்படும் தருணங்கள் உண்டு என்பதைக் காட்டவில்லையா?

மின்சாரப் பற்றாக்குறை தீராத நாட்டில் இத்தகைய தொலைநோக்கு ஆராய்ச்சிக்குப் பணம் செலவிடலாமா என்ற ஆட்சேபம் உண்டு. அதற்கு மதிப்புத் தரவேண்டும். இணைவு உலையை நம்பிச் சூரிய ஒளி, நீர், அணுப்பிளவு ஆகியவற்றின் மின்சாரத்தைத் தாமதப்படுத்துவது மடமை. அவ்வாறு எவரும் செய்யவும் இல்லை. ஆனால் பாகங்களுக்கான பெரும் செலவை ஏற்றபின், அதன் பயனாகிய அறிவைப் பெறுவதற்கான சிறு செலவில் சிக்கனம் பார்ப்பது, கிணறு வெட்டிவிட்டுக் கயிறு வாங்க மறுப்பதாகும். அலைகளையும் துகள்களையும் பற்றிய கணக்கைச் செய்யப் பெரிய தொழிற்சாலை வேண்டியதில்லை. கணிப்பொறியும், பயிற்சி பெற்ற இளைஞர்களும், அவர்களைப் பத்து ஆண்டுகளேனும் அத்துறையில் நிலைக்கச் செய்யும் ஊதியமும் போதும்.

ஆசிரியர்களின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. ஒத்ததிர்வு என்ற பாடம் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. இரு இசைக்கவைகளை வைத்தோ, ஊஞ்சலைக் காட்டியோ அது விளக்கப்பட்டு, தேர்வோடு மறக்கப்படுகிறது. அதே பாடத்தில், தள்ளுபவரும் ஊஞ்சலும் ஒருவரையொருவர் மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்ற ஒரு வினாவைச் சேர்த்தால் போதும். மாணவர் ஆல்ஃவேன் அலையின் வாசலுக்கு வந்துவிடுவர். 15 கோடி டிகிரி என்ற எண்ணைக் கேட்டு வாய் பிளப்பதைவிட, ஓர் இலட்சம் சுற்றுகள் என்ற கணக்கைத் தாமே போட்டுப் பார்ப்பது மாணவர்க்கு மிகுந்த நன்மை தரும். வேகத்தை நேரத்தால் பெருக்கிச் சுற்றளவால் வகுக்க ஒன்பதாம் வகுப்புக் கணிதம் போதும்.

களப்பணியாளரிடம் ஊரார் கேட்கும் வினாவுக்கும் நேர்மையான விடை உண்டு. 2024-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட திட்டத்தின்படி, ஐடெரில் ஆராய்ச்சி 2034-இல் தொடங்கும். டிரிஷியம் இட்டு எரிக்கும் பரிசோதனைகள் 2039-இல் தொடங்கும். அன்றுதான் ஆல்பா துகள்கள் பெருந்தொகையாகப் பிறந்து, தம் அலைகளைத் தாமே எழுப்பும். அவை தங்குமா, எறியப்படுமா என்பது அதன் பின்னரே தெளிவாகும். ஐடெர் ஆராய்ச்சி யந்திரமேயன்றி மின்நிலையம் அன்று. அதிலிருந்து ஊருக்கு மின்கம்பி வராது. மின்சாரம் தரும் உலை அதற்கும் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது. ஆண்டைக் குறிப்பிட்டுச் சொல்லுமாறு ஊரார் வற்புறுத்தினாலும், பணியாளர் குறிப்பிடாதிருப்பதே முறை. பாபாவைப் போன்றவரே இருபது ஆண்டு என்று சொல்லிப் பிசகிய விஷயம் இது என்று கூறினால் அவர்கள் ஏற்றுக்கொள்வர்.

2039-க்கு இடையே உள்ள ஆண்டுகள் காத்திருப்பதற்குரியவை அல்ல. காந்திநகரின் ஹைட்ரஜன் கற்றை பிரான்சில் பொருத்தப்பட்டு, முதல் ஹீலியம் ஒளி அதன் வழியே தென்படும்போது, அந்தப் பதிவைப் படிக்கவல்ல இந்தியர் எத்தனை பேர் அங்கே இருப்பர் என்பது, இன்று கல்லூரிகளில் எத்தனை பேருக்கு இப்பாடம் நடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அன்றைய ஆராய்ச்சியாளர்கள் இன்று பள்ளி வகுப்பறைகளில் இருக்கின்றனர்.